மூன்றாண்டுப் பட்டமும் நான்காம் ஆண்டின் கேள்வியும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செம்மைப்படுத்திய அச்சு வடிவம்)



தமிழ்நாட்டு வீடுகள் பலவற்றில் பீரோவின் மேல்தட்டில் ஒரு ஃபைல் இருக்கும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், பிளஸ் டூ பட்டியல், ஆறு செமஸ்டர் தாள்கள், புரொவிஷனல் சான்றிதழ், எல்லாவற்றுக்கும் மேலே லேமினேட் செய்த பட்டச் சான்றிதழ். மகள் பட்டம் வாங்கி வந்த அன்றே அப்பா அதைக் கடைத்தெருவுக்கு எடுத்துப்போய் லேமினேஷன் போட்டுவிடுவார். தண்ணீர் படக் கூடாது, கரையான் அரிக்கக் கூடாது என்ற கவலை. சில ஆண்டுகள் கழித்து வெளிநாட்டு வேலை அமையும்போதுதான் விஷயம் தெரியவரும். சான்றொப்ப முத்திரை அந்தத் தாளின் பின்பக்கம் விழ வேண்டும். பிளாஸ்டிக்கின் மேல் அது நிற்காது. உறையைப் பிரிக்கும்போது தாள் கிழிந்துவிட்டால், நகல் சான்றிதழ் கேட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டும்.

குடும்பம் அந்தத் தாளை ஒரு விதமாகப் பார்க்கிறது. கடல் கடந்த அலுவலகம் அதையே வேறு விதமாகப் படிக்கிறது. இந்த இரண்டு பார்வைகளுக்கும் நடுவில் நடக்கும் வேலைக்குத்தான் பட்ட மதிப்பீடு என்று பெயர். வேலை விசா, குடியேற்ற விண்ணப்பம் இரண்டிலும் ஒருவருடைய பல ஆண்டு வாழ்க்கை இந்த ஒரு வேலையில் சிக்கி நிற்பதுண்டு.

இவ்வுரை முன்வைக்கும் கருத்து ஒன்றே. ஒரு பட்டத்துக்கு உலகம் முழுவதும் செல்லும் ஒரே மதிப்பு கிடையாது. எந்த நாட்டுச் சட்டம் எந்தக் கேள்வியைக் கேட்கிறதோ, அந்தக் கேள்விக்கான விடைதான் மதிப்பு என்ற பெயரில் திரும்பி வருகிறது. ஆகவே பட்டதாரி முதலில் கேள்வியைத் தெரிந்துகொள்ள வேண்டும். விடை சொல்வதற்கான தாள்களை அவர் கையில் கொடுப்பது பல்கலைக்கழகத்தின் கடமை. இதை ஏழு கூறுகளாகப் பிரித்துப் பார்க்கலாம்.

1. மூன்று கேள்விகள், மூன்று அலுவலகங்கள்

முதல் கேள்வி: இந்தச் சான்றிதழ் உண்மையானதா? இரண்டாவது: இது எங்கள் நாட்டில் எந்த நிலைக் கல்விக்குச் சமம்? மூன்றாவது: இதை வைத்துக்கொண்டு இங்கே தொழில் செய்யலாமா? இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பணமும் காலமும் வீணாகின்றன.

முதல் கேள்விக்குச் சான்றொப்பம் விடை சொல்கிறது. வெளிநாட்டு ஆவணங்களுக்கான ஹேக் உடன்படிக்கை 2005இல் இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது. அதில் சேர்ந்த நாடுகளுக்குத் தூதரகப் படி தேவையில்லை; அப்போஸ்டில் என்ற முத்திரை போதும். சேராத நாடுகளுக்கு மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், தூதரகம் என்று படிப்படியாக ஏற வேண்டும். சவூதி அரேபியாவில் இந்த உடன்படிக்கை 2022 டிசம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதுவரை அங்கு போனவர்கள் எல்லாப் படியும் ஏறித்தான் போனார்கள்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கேட்கலாம். கராச்சியிலிருந்து இயங்கிய ஆக்ஸாக்ட் என்ற நிறுவனம் இல்லாத பல்கலைக்கழகங்களின் பெயரில் பட்டங்களை விற்றதை 2015 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் இதழ் அம்பலப்படுத்தியது. அமெரிக்காவிலேயே போலிப் பட்டக் கடைகளைப் பிடிக்க எஃப்.பி.ஐ. 1980களில் தனி நடவடிக்கை எடுத்தது. சந்தேகத்துக்குக் காரணம் இருக்கிறது. அதனால்தான் இன்று மதிப்பீட்டு நிறுவனங்கள் பலவும் மாணவர் கையில் உள்ள நகலை ஏற்பதில்லை. பல்கலைக்கழகமே முத்திரையிட்ட கவரில் நேரடியாக அனுப்ப வேண்டும் என்கின்றன. ஆனால், உண்மையான சான்றிதழ் என்று உறுதியான பிறகும் இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கிறது.

2. பதினைந்தா, பதினாறா?

இரண்டாவது கேள்வியின் வேர் ஓர் எளிய கூட்டல் கணக்கு. அமெரிக்காவில் பள்ளி 12 ஆண்டு, இளநிலைப் பட்டம் 4 ஆண்டு, மொத்தம் 16. இந்தியாவில் பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். படித்தவருக்குப் பள்ளி 12, கல்லூரி 3, மொத்தம் 15.

இது பிளஸ் டூ வந்த பிறகு முளைத்த சிக்கல் என்று சிலர் நினைக்கிறார்கள். தமிழ்நாட்டில் பிளஸ் டூ 1978இல் வந்தது. அதற்கு முன்பு பதினோராம் வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி., பிறகு ஓராண்டு பி.யு.சி., அதன் பிறகு மூன்றாண்டுப் பட்டம். அப்போதும் கூட்டினால் 15தான். அந்த ஓராண்டு கல்லூரி வளாகத்திலிருந்து பள்ளி வளாகத்துக்கு இடம் மாறியது, அவ்வளவே. பொறியியல் படித்தவருக்கு இந்தத் தொல்லை இல்லை. 12 ஆண்டுக்கு மேல் 4 ஆண்டு சேர்ந்து 16 ஆகிவிடுகிறது. ஒரே தெருவில் வளர்ந்து, ஒரே மென்பொருள் நிறுவனத்தில், ஒரே மேசை வரிசையில் வேலை பார்க்கும் இருவரில் பி.இ. படித்தவருக்கு வழி திறந்திருக்கிறது, பி.எஸ்சி. கணினி அறிவியல் படித்தவர் விளக்கக் கடிதங்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்.

இலங்கையை இதனோடு ஒப்பிட்டால் கணக்கின் விசித்திரம் விளங்கும். அங்கே உயர்தரப் பரீட்சை வரை 13 ஆண்டு. அதற்கு மேல் மூன்றாண்டுப் பொதுப் பட்டம் அல்லது நான்காண்டுச் சிறப்புப் பட்டம். யாழ்ப்பாணத்தில் மூன்றாண்டுப் பொதுப் பட்டம் பெற்றவருக்கும் கூட்டுத்தொகை 16 வருகிறது. ஆனால் அமெரிக்க விதி பல்கலைக்கழகத்தில் செலவழித்த ஆண்டுகளைத்தான் முதலில் பார்க்கிறது என்பதால் அந்தப் பதின்மூன்றாம் ஆண்டு தானாகக் கணக்கில் ஏறிவிடாது.

அமெரிக்கக் குடியேற்றத் துறை இதில் ஒரு பழைய தீர்ப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. 1977இல் ஷா என்பவருடைய மனுவில், இந்தியாவின் மூன்றாண்டு பி.எஸ்சி. பட்டம் பொதுவாக நான்காண்டு எடுக்கும் அமெரிக்க இளநிலைப் பட்டத்துக்குச் சமமாகாது என்று அந்தத் துறையின் வட்டார ஆணையர் முடிவு சொன்னார். அந்தத் தீர்ப்பு வந்த ஆண்டில் பிறக்காத பிள்ளைகளின் விண்ணப்பங்களிலும் அது மேற்கோளாக வந்து விழுந்திருக்கிறது.

3. ஒரே அலுவலகம், இரண்டு விடைகள்

இந்த உரையின் மையம் இங்கேதான் இருக்கிறது. சற்று நின்று பார்க்க வேண்டும்.

ஹெச்-1பி விசா 1990ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தால் இன்றைய வடிவம் பெற்றது. குறிப்பிட்ட துறையில் இளநிலைப் பட்டம் அல்லது அதற்கு நிகரான தகுதி வேண்டும் என்பது அதன் நிபந்தனை. இந்த ‘நிகரான’ என்ற சொல்லுக்கு விதிமுறை ஒரு வாய்ப்பாடு தருகிறது: கல்லூரிப் படிப்பில் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் அந்தத் துறையில் மூன்றாண்டுப் பணி அனுபவம் ஈடாகும். மூன்றாண்டு பி.எஸ்சி. படித்தவர் தம் துறையில் மூன்றாண்டு வேலை பார்த்திருந்தால், குறைந்துபோன நான்காம் ஆண்டு நிரம்பிவிடுகிறது. வெறுமனே மூன்றாண்டு சம்பளம் வாங்கியது போதாது. அந்த வேலையில் துறை அறிவு பயன்பட்டது, அதே தகுதியுள்ளவர்களோடு சேர்ந்து செய்த வேலை அது என்று காட்ட வேண்டும்.

இங்கே பலரும் கவனிக்காத ஒரு நுணுக்கம் உண்டு. வெளி மதிப்பீட்டு நிறுவனம் படிப்பை மட்டுமே மதிப்பிடலாம். அனுபவத்தைக் கல்லூரிப் படிப்புக்கு ஈடாக்கிச் சொல்ல வேண்டுமானால், அங்கீகாரம் பெற்ற கல்லூரி ஒன்றில் அத்தகைய கிரெடிட் வழங்கும் அதிகாரமுள்ள அலுவலர் எழுதித் தர வேண்டும். இரண்டையும் ஒரே தாளில் ஒரே ஆள் எழுதிக் கையெழுத்திட்ட அறிக்கைகள், ‘கூடுதல் ஆதாரம் தருக’ என்ற கடிதத்தோடு திரும்புகின்றன.

சரி, விசா கிடைத்துவிட்டது. அவர் அமெரிக்காவில் சில ஆண்டு உழைக்கிறார். நிறுவனம் அவருக்குக் கிரீன் கார்டு விண்ணப்பம் போடுகிறது. இப்போது சட்டத்தின் வேறொரு பிரிவு எதிரே வருகிறது. வேலை அடிப்படையிலான கிரீன் கார்டின் இ.பி.-2 வகையில் முதுநிலைப் பட்டம் வேண்டும். அல்லது இளநிலைப் பட்டமும் அதன் பிறகு படிப்படியாக உயர்ந்த ஐந்தாண்டு அனுபவமும் வேண்டும். இந்த இளநிலைப் பட்டம் ‘ஒரு பட்டமாக’ இருக்க வேண்டும் என்று துறை படிக்கிறது. மூன்றாண்டுப் பட்டத்தோடு ஒரு டிப்ளமோவையோ அனுபவத்தையோ ஒட்டவைத்துச் சமம் என்று சொன்னால் இங்கே செல்லாது. மூன்றுக்கு ஒன்று என்ற வாய்ப்பாடு ஹெச்-1பி பிரிவோடு முடிந்துவிடுகிறது.

ஆக, ஒரே மனிதர், ஒரே சான்றிதழ், ஒரே அலுவலகம். முதல் மனுவில் பட்டதாரிக்கு நிகரானவர். இரண்டாவது மனுவில் பட்டதாரி அல்லாதவர். அலுவலர் யாரும் தவறு செய்யவில்லை. இரண்டு பிரிவுகளும் இரண்டு கேள்விகளைக் கேட்டன.

இதன் விளைவு சிறியதன்று. வேலை அடிப்படையிலான கிரீன் கார்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,40,000தான். அதில் எந்த ஒரு நாட்டவருக்கும் பொதுவாக 7 சதவீதத்துக்கு மேல் இல்லை. இந்தியர்களின் வரிசை ஆண்டுக்கணக்கில் நீள்வது இதனால்தான். எந்த வரிசையில் நிற்கிறோம் என்பதைத் தீர்மானிக்கும் இடத்தில் அந்த ஓராண்டுக் கணக்கு உட்கார்ந்திருக்கிறது. இ.பி.-3 வகையில் ‘திறன்பெற்ற தொழிலாளர்’ என்ற உட்பிரிவு இருக்கிறது. நிறுவனம் கிரீன் கார்டுக்குத் தேவையான தொழிலாளர் துறைச் சான்றுக்கு எழுதும்போதே, பட்டமும் அனுபவமும் சேர்ந்த தகுதியையும் ஏற்போம் என்று தெளிவாக எழுதியிருந்தால் அங்கே வழி பிறக்கலாம். அந்த ஒரு வாக்கியம் விடுபட்டுவிட்டால் பின்னால் எந்த மதிப்பீட்டு அறிக்கையாலும் அதைச் சேர்க்க முடியாது.

4. அறிக்கை எழுதுபவர் யார்?

அமெரிக்காவில் வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் அரசு அலுவலகம் எதுவும் இன்று இல்லை. தனியார் அமைப்புகள்தான் செய்கின்றன. நியூயார்க்கில் 1974இல் தொடங்கிய வேர்ல்ட் எஜுகேஷன் சர்வீசஸ், சுருக்கமாக வெஸ், நம் மாணவர் வாயில் அடிக்கடி வரும் பெயர். இத்தகைய நிறுவனங்கள் 1987இல் நேசஸ் என்ற கூட்டமைப்பை உண்டாக்கிக்கொண்டன. அது தொழில்முறைச் சங்கம். அரசு உரிமம் அன்று.

ஆகவே ஒரே சான்றிதழுக்கு இரண்டு நிறுவனங்கள் இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று இந்தியக் கல்லூரிகளைத் தரமிடும் ‘நாக்’ அமைப்பு தந்த தரநிலையைப் பார்த்து மூன்றாண்டுப் பட்டத்தைச் சமம் என்கிறது. மற்றொன்று மூன்றாண்டுப் படிப்பு என்று மட்டும் எழுதுகிறது. இரண்டும் ஆலோசனைதான் என்று 1988இல் ஒரு முன்னுதாரணத் தீர்ப்பு சொல்லிவிட்டது. குடியேற்ற அலுவலருக்கு ஐயம் இருந்தால் அறிக்கையை ஒதுக்கிவைக்கலாம். அமெரிக்கக் கல்லூரிப் பதிவாளர்களின் சங்கம் நடத்தும் ‘எட்ஜ்’ என்ற தகவல் தொகுப்பை அவர் தாமே திறந்து பார்ப்பதும் உண்டு. “நூறு சதவீதம் சமம் என்று எழுதித் தருகிறோம்” என்று விளம்பரம் செய்யும் தரகரிடம் பணம் கட்டும் முன் இதை மாணவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

5. பிற நாடுகள் வேறு கேட்கின்றன

கனடா 2013 மே 4ஆம் தேதி முதல் திறன்பெற்ற குடியேறிகளுக்குக் கல்வி மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. அமெரிக்காவைப் போல யார் வேண்டுமானாலும் எழுத முடியாது. அரசு பெயர் குறித்த அமைப்புகள்தான் எழுத வேண்டும். அறிக்கை ஐந்தாண்டுக்குச் செல்லும். அங்கே கேள்வியே மாறிவிடுகிறது: எத்தனை புள்ளி கொடுக்கலாம்? எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் துணை இல்லாமல் விண்ணப்பிக்கும் ஒருவருக்கு மூன்றாண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இளநிலைப் பட்டத்துக்கு 120 புள்ளி, முதுநிலைக்கு 135. அமெரிக்காவில் இடறிய அதே மூன்றாண்டு, இங்கே மதிப்பீட்டு அறிக்கை இளநிலை என்று சொல்லிவிட்டால் முழுப் புள்ளி வாங்கித் தருகிறது.

ஜெர்மனி முதலில் பல்கலைக்கழகத்தைப் பார்க்கிறது. அனபின் என்ற இலவசத் தரவுத்தளத்தில் நிறுவனத்தின் பெயருக்கு நேரே ‘ஹெச் பிளஸ்’ குறி இருக்கிறதா, பட்டத்தின் வகை பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். 1999இன் போலோன்யா உடன்பாட்டுக்குப் பிறகு ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இளநிலைப் பட்டமே மூன்றாண்டாகிவிட்டதால், மூன்று என்ற எண் அங்கே யாரையும் உறுத்துவதில்லை.

பிரிட்டனின் பெரும்பகுதியில் சொந்தப் பட்டமே மூன்றாண்டு. அங்கே இந்தியப் பட்டம் வேறொரு வாசலில் பயன்படுகிறது: ஆங்கிலம் தெரியும் என்பதற்குச் சான்றாக. பட்டம் பிரிட்டன் இளநிலைக்குச் சமம், ஆங்கில வழியில் கற்பிக்கப்பட்டது என்று, வெளிநாட்டுப் பட்டங்களை அங்கே மதிப்பிடும் எக்டிஸ் அமைப்பு உறுதி செய்தால் தனி மொழித் தேர்வு தேவையில்லை. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் சிவில், மெக்கானிக்கல் பிரிவுகளைத் தமிழ் வழியில் தொடங்கியது. அப்படிப் படித்தவர் பொறியியலில் யாருக்கும் குறைந்தவர் அல்லர். இந்த வாசலில் மட்டும் அவர் தேர்வு எழுதி உள்ளே போக வேண்டும். அது முன்கூட்டியே தெரிந்தால் ஆறு மாதம் மிச்சம்.

மூன்றாவது கேள்வியையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். புள்ளி கிடைத்துக் குடியேறிய பொறியாளர் டொரன்டோவில் இறங்கியவுடன் உரிமம் பெற்ற பொறியாளர் ஆகிவிடுவதில்லை. அது ஒன்டாரியோ பொறியாளர் அமைப்பின் அதிகாரம். கனடாவிலேயே பெற்ற அனுபவம் வேண்டும் என்ற நிபந்தனையை அந்த அமைப்பு 2023இல்தான் கைவிட்டது. டொரன்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு அந்த நிபந்தனையின் கனம் தெரியும். பொறியியல் படிப்புகளை நாடுகள் பரஸ்பரம் ஏற்கும் வாஷிங்டன் உடன்பாட்டில் இந்தியா 2014இல் முழு உறுப்பினரானது பொறியியலுக்குப் பெரிய துணை. ஆனால் தேசிய அங்கீகார வாரியம் அதற்குரிய பிரிவில் அங்கீகரித்த படிப்புகளுக்கே அது பொருந்தும். நாட்டில் உள்ள எல்லாப் பொறியியல் கல்லூரிக்கும் அன்று.

6. எண்களும் இனிஷியலும்

தாளில் உள்ள எண்கள் எல்லை தாண்டும்போது பொருள் மாறுகின்றன. நம் பல்கலைக்கழகத்தில் 60 சதவீதம் முதல் வகுப்பு. வீட்டில் இனிப்பு வாங்குவார்கள். அமெரிக்க வகுப்பறையில் 60 என்றால் தேறியதே பெரிது. பாடவாரி மதிப்பீட்டில் இதைச் சரிசெய்து எழுதுவார்கள். மாணவர் தாமே சதவீதத்தை நான்கால் பெருக்கி நூறால் வகுத்து ஜி.பி.ஏ. என்று விண்ணப்பத்தில் போட்டால் தமக்குத் தாமே அநீதி செய்துகொள்கிறார்.

கிரெடிட்டும் அப்படியே. அமெரிக்க இளநிலைப் பட்டம் வழக்கமாக நான்காண்டில் 120 கிரெடிட். ஐரோப்பாவில் மூன்றாண்டில் 180. இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட சட்டகத்தில் மூன்றாண்டில் 120, நான்காண்டில் 160. அமெரிக்க 120ஐயும் இந்திய 120ஐயும் பக்கத்தில் வைத்து இரண்டும் ஒன்று என்று வாதிட்டவர்கள் தோற்றிருக்கிறார்கள், அளவுகோல்கள் வேறு என்பதால்.

பிறகு பெயர். உலகில் பலருக்கு வராத ஒரு சங்கடம் தமிழருக்கு வருகிறது. பட்டச் சான்றிதழில் ‘முருகன் கே.’ என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் அந்தக் ‘கே’ விரிந்து அப்பாவின் பெயராகி, குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். குடும்பப் பெயர் கட்டம் மட்டும் நிரம்பி மற்றது வெறுமையாக இருந்தால், அமெரிக்க விசாவில் முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யு.’, அதாவது முதற்பெயர் தெரியாது, என்று அச்சாகிவிடும். முருகன் என்று ஊரே கூப்பிடும் பிள்ளைக்கு முதற்பெயர் தெரியாது என்று அரசுத் தாள் சொல்கிறது. சான்றிதழில் உள்ளவரும் பாஸ்போர்ட்டில் உள்ளவரும் ஒரே ஆள் என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் எழுதும் அலைச்சல் இங்கிருந்துதான் பிறக்கிறது. பட்டத்தின் தரத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

7. பல்கலைக்கழகம் செய்யக்கூடிய ஒன்று

யுனெஸ்கோ 2019இல் நிறைவேற்றி 2023 மார்ச் மாதம் நடைமுறைக்கு வந்த உலக உடன்படிக்கை, முக்கியமான வேறுபாடு இருப்பதை எடுத்துக்காட்ட முடிந்தால் ஒழிய வெளிநாட்டுப் பட்டத்தை ஏற்க வேண்டும் என்ற நெறியைப் பேசுகிறது. நல்ல நெறி. ஆனால் குடியேற்றச் சட்டங்கள் அதற்காகக் காத்திருக்கப் போவதில்லை. டெல்லியிலோ வாஷிங்டனிலோ மாற வேண்டியவை மாறட்டும்; இந்த மண்டபத்தில் இருப்பவர்களால் மாற்றக்கூடியது ஒன்று உண்டு.

ஐரோப்பிய நாடுகள் 2003இல் பெர்லினில் கூடி ஒரு முடிவு எடுத்தன. 2005 முதல் பட்டம் பெறும் ஒவ்வொரு மாணவருக்கும், கேட்காமலே, கட்டணம் இல்லாமலே, பட்டத்தோடு ஓர் இணைப்புத் தாள் தருவது என்று. பட்டம் எந்த நிலை, படிப்புக் காலம் எவ்வளவு, எந்த மொழியில் கற்பிக்கப்பட்டது, மதிப்பெண் முறை என்ன, அந்த நாட்டுக் கல்வி அமைப்பு எப்படிப்பட்டது என்று வெளிநாட்டவருக்குப் புரியும்படி அதில் எழுதியிருக்கும். ஹாம்பர்க்கிலோ லிஸ்பனிலோ படித்த மாணவர் இதற்காக எந்த ஜன்னல் முன்பும் நிற்பதில்லை.

நம் மாணவர் நிற்கிறார். டிரான்ஸ்கிரிப்டுக்கு ஒரு விண்ணப்பம், பயிற்று மொழிச் சான்றுக்கு ஒன்று, பாடத்திட்ட நகலுக்கு இன்னொன்று. ஊரிலிருந்து பஸ் ஏறி வந்து, செலான் கட்டி, தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரின் கையெழுத்துக்காக மத்தியானம் வரை காத்திருந்து, கவரின் மூடியில் முத்திரை சரியாக விழுந்திருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு போகிறார். வேலைக்கான கடிதத்தில் கெடு தேதி ஓடிக்கொண்டிருக்கும்.

ஆகவே இந்த அவையில் உள்ள துணைவேந்தர்களிடமும் தேர்வுத் துறையினரிடமும் இவ்வுரையின் கோரிக்கை இது. பட்டத்தோடு ஒரே ஒரு தாள் சேர்த்துக் கொடுங்கள். அதில் மாணவரின் பெயர் இனிஷியல் விரித்து, பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கட்டும். எத்தனை ஆண்டு, ஒவ்வொரு பாடத்துக்கும் எத்தனை வகுப்பு நேரம், எத்தனை ஆய்வக நேரம், பயிற்று மொழி எது, தேர்ச்சிக்கு எத்தனை மதிப்பெண், முதல் வகுப்புக்கு எத்தனை, அந்தக் கல்லூரிக்கு எந்த ஆண்டில் எந்த அங்கீகாரம் இருந்தது என்று எழுதியிருக்கட்டும். மூன்றாண்டை அது நான்காண்டாக்கிவிடாது. ஆனால் மூன்றாண்டில் என்ன நடந்தது என்பதை அலுவலர் ஊகிக்க வேண்டிய நிலை இருக்காது. அந்தத் தாளைப் பட்டமளிப்பு விழா மேடையிலேயே அதே உறைக்குள் வைத்துக் கொடுங்கள். உறையின் மேல் ஒரு வரி அச்சிடுங்கள்: லேமினேட் செய்ய வேண்டாம்.